லைன் வீடும் சாவிக்கொத்தும்: பல ஃபேக்டரிக்கு ஒரே சாஃப்ட்வேர்னா அட்மின் வேலையை எப்படி பிரிக்கிறது

கோத்தகிரியில நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் ஓட்டிட்டு இருக்கோம். பச்சைத் தேயிலையை வண்டியில ஏத்தும்போது எடை போடுறதுல ஆரம்பிச்சு, விவசாயி பேங்க் அக்கவுண்ட்ல காசு போய் விழுற வரைக்கும் மொத்தக் கணக்கும் அதுலதான் நடக்குது. சர்வர் ஒண்ணு, டேட்டாபேஸ் ஒண்ணு, ஆனா உள்ள குடியிருக்கிறது இருபதுக்கு மேல ஃபேக்டரியும் ஏஜென்ட்டும். இதைத்தான் மல்டி டெனன்ட்னு சொல்றது, ஒவ்வொரு ஃபேக்டரியும் ஒரு டெனன்ட், அதாவது ஒரு குடித்தனம். புதுசா ஒரு ஃபேக்டரி சேர்ந்தா மொத கேள்வியே "அட்மின் பாஸ்வேர்ட் அனுப்புங்க சார்"தான். எந்த அட்மின்னு கேட்டா "அட்மின்னா அட்மின்தான் சார், எல்லாம் தெரியணும், எல்லாம் மாத்தணும்"னு பதில் வரும். அந்த ஒரு வார்த்தைக்குள்ள அஞ்சாறு பேரோட வேலை ஒளிஞ்சிருக்குன்னு ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லிச் சொல்லி தொண்டை தண்ணி வத்திருச்சு, அதான் ஒரேயடியா எழுதி வச்சிடலாம்னு உட்கார்ந்தேன். சாஃப்ட்வேர் பண்றவங்களுக்கும் ஆகும், ஆபீஸ்ல "இனிமே நீதான் அட்மின்"னு தலையில கட்டிவிடப்பட்டவங்களுக்கும் ஆகும்.

எங்கப்பா எஸ்டேட்ல வேலை பார்த்தவரு, நான் வளர்ந்தது குன்னூர் பக்கம் ஒரு லைன் வீட்டுல. எட்டு வீடு ஒரே வரிசை, மேல ஒரே தகரம், நடுவுல சுவர் இருக்கும் ஆனா கூரை வரைக்கும் போகாது, பக்கத்து வீட்டுல கருவாடு வறுத்தா நம்ம வீட்டுல கஞ்சிக்கு தொட்டுக்க எதுவும் வேணாம், வாசனையே போதும். தகரம் ஒழுகினா எஸ்டேட் ஆள் வந்து மாத்துவாரு, தண்ணி வரலைன்னா பைப்பை பார்ப்பாரு, ஆனா எங்க வீட்டு டிரங்க் பொட்டியை தொறந்து பார்க்க மாட்டாரு. வீட்டுல யாரு தங்குறா, சாவி யாருகிட்ட இருக்குன்னு முடிவு பண்றது அம்மா, அம்மாவாலயும் பக்கத்து வீட்டு அடுப்புல கை வைக்க முடியாது. பிளாட்பார்ம் அட்மின்னா அந்த எஸ்டேட் ஆள், டெனன்ட் அட்மின்னா அம்மா, மத்த யூசர் எல்லாம் வீட்டுல இருக்கிற நாங்க. அந்த கூரை வரைக்கும் போகாத சுவர் விஷயத்துக்கு பின்னாடி வர்றேன், அது பெரிய தலைவலி.

மொதல்ல பேப்பர், அப்புறம்தான் ஸ்கிரீன்

செட்டிங்ஸை தொறக்கிறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத்தாள் எடுங்க. ஆள் பேரை எழுதாதீங்க, வேலையை எழுதுங்க. யாரு எடை போடுறது, போட்ட எடை தப்பா இருந்தா யாரு திருத்துறது, மழை நாள்ல இலையில தண்ணி இருக்குன்னு கிலோவுல கழிக்கிறாங்களே அந்தக் கழிவை யாரு முடிவு பண்றது, மாசத்து ரேட்டை யாரு போடுறது, புது விவசாயியை யாரு சேர்க்கிறது, பேங்க் அக்கவுண்ட் நம்பரை யாரு மாத்துறது, அட்வான்ஸ் யாரு கொடுக்கிறது, பணத்தை யாரு ரிலீஸ் பண்றது, புது யூசர் யாரு போடுறது, எங்க பில்லை யாரு கட்டுறது. இப்படி எழுதினா பதினஞ்சு இருபது வரி வரும். வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல "இது தப்பாப் போனா என்ன ஆகும்"னு ஒரு வார்த்தை எழுதுங்க. எடை தப்பானா அடுத்த நாள் சண்டை வரும், தீர்த்துக்கலாம். அக்கவுண்ட் நம்பரை எவனாவது மாத்திட்டா காசு போயிடும், அதை திரும்ப வாங்குறதுக்குள்ள நாக்கு தள்ளிடும். இந்த மாதிரி ஆபத்தான வரி நாலஞ்சுதான் தேறும், அதைச் சுத்தித்தான் ரோல், அதாவது ஒரு வேலைக்கு வேண்டிய பர்மிஷன் கட்டு, போடணும்.

ஆளுக்கு நேரடியா பர்மிஷன் கொடுக்காதீங்க, ரோலுக்கு கொடுத்து அந்த ரோலை ஆளுக்கு மாட்டுங்க. இது ஒண்ணும் புது கண்டுபிடிப்பு இல்லை, 1992லயே அமெரிக்காவோட தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்ல ஃபெரையோலோ, குன்னு ரெண்டு பேர் இதை முறையா எழுதி வச்சாங்க. ஆனா நான் பார்க்கிற பாதி இடத்துல இன்னும் "அந்தப் பையனுக்கு இதையும் டிக் பண்ணி விடுங்க சார், அவசரம்"தான் நடக்குது, ஆறு மாசம் கழிச்சு அந்தப் பையனுக்கு என்னென்ன டிக் இருக்குன்னு அவனுக்கே தெரியாது.

எங்க பக்கம், அதாவது பிளாட்பார்ம் அட்மின்

இந்த ஆளோட வேலை என்னன்னா புது டெனன்ட்டை உருவாக்குறது, பில் கட்டலைன்னா நிறுத்தி வைக்கிறது, பேக்கப், அப்டேட், சர்வர் மூச்சு விடுதான்னு பார்க்கிறது, யாருக்கு எவ்ளோ லிமிட்னு வைக்கிறது. இதுல எதுக்குமே ஒரு ஃபேக்டரி இந்த மாசம் என்ன ரேட் கொடுக்குதுன்னு தெரிஞ்சுக்க வேண்டிய தேவை இல்லை, கவனிச்சீங்களா? நீலகிரி மாதிரி ஊர்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா எங்க டெனன்ட் எல்லாருமே ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டி. டீ போர்டு மாவட்டத்துக்கு மாச சராசரி விலை அறிவிக்கும்தான், ஆனா அதுக்கு மேல எவ்ளோ சேர்த்துக் கொடுக்கிறோம், எந்த ஏஜென்ட்டுக்கு என்ன கமிஷன்ங்கிறது ஃபேக்டரியோட ரகசியம். அது எங்க ஆபீஸ் டீ டைம்ல பேச்சா வந்துச்சுன்னா அன்னிக்கே கடையை சாத்திட்டு போகவேண்டியதுதான்.

ஆரம்பத்துல எங்க நாலு பேருக்குமே எல்லாத்தையும் பார்க்கிற, எல்லாத்தையும் மாத்துற சூப்பர் அட்மின் இருந்துச்சு. சின்ன டீம், நம்பிக்கை, எதுக்கு கட்டுப்பாடுன்னு. ஒரு நாள் சாயங்காலம் ஒரு ஃபேக்டரியில இருந்து போன், ரேட் போடத் தெரியலை நீங்களே போட்டு விடுங்கன்னு. நான் அவங்க பக்கத்தை தொறந்தேன், ஏற்கனவே இன்னொரு டேப்ல வேற ஃபேக்டரி பக்கம் தொறந்து கிடந்துச்சு, ரெண்டும் ஒரே மாதிரி ஸ்கிரீன், மேல மூலையில சின்ன எழுத்துல பேரு மட்டும்தான் வித்தியாசம். போன்ல பேசிக்கிட்டே டேப் மாறினேன், ரேட்டை அடிச்சேன், சேவ். சேவ் ஆன உடனே விவசாயிங்களுக்கு எஸ்எம்எஸ் தானா போற மாதிரி நாங்கதான் பெருமையா வச்சிருந்தோம். அந்த இன்னொரு ஃபேக்டரிக்கு இலை கொடுக்கிற அத்தனை ஹட்டியிலயும் (படுகர் ஊர்) சாயங்காலம் ஒரே நேரத்துல போன் அடிச்சிருக்கு, கிலோவுக்கு ஒன்றரை ரூபா கம்மின்னு. காலையில ஏழு மணிக்கு ஃபேக்டரி கேட்ல கூட்டம். மேனேஜர் எனக்கு போன் பண்ணி கத்தலை, அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு, "தம்பி, எங்க ரேட்டை நீங்க எதுக்கு தொட்டீங்க"ன்னு மட்டும் கேட்டாரு. அதுக்கு பதில் என்கிட்ட இல்லை. நான் தொடுற மாதிரி சிஸ்டம் இருந்ததுதான் தப்பு.

அதுக்கப்புறம் நாங்க வச்சிருக்கிற முறை இது, அப்படியே எடுத்துக்கலாம். எங்க அக்கவுண்ட்டுக்கு எந்த டெனன்ட்டோட உள்விஷயமும் சாதாரணமா தெரியாது, டெனன்ட் பேரு, யூசர் எண்ணிக்கை, எவ்ளோ இடம் பிடிச்சிருக்கு, கடைசியா எப்ப லாகின், எர்ரர் எத்தனை, அவ்ளோதான். உள்ள போகணும்னா ஒரு ரிக்வெஸ்ட் போடணும், எதுக்குன்னு ஒரு வரி எழுதணும், அது அந்த ஃபேக்டரியோட டெனன்ட் அட்மினுக்கு போகும், அவங்க ஓகே சொன்னா ஒரு மணி நேரத்துக்கு கதவு தொறக்கும், அதுக்கப்புறம் தானா மூடிக்கும். தொறக்கும்போதும் பார்க்க மட்டும்தான். மாத்தணும்னா தனியா கேட்கணும், பெரும்பாலும் நாங்க கேட்கிறதே இல்லை, "நீங்க அந்த பட்டனை அமுக்குங்கண்ணா"ன்னு போன்ல வழி சொல்லி அவங்க கையாலயே பண்ண வச்சிடுவோம். உள்ள இருக்கிற வரைக்கும் ஸ்கிரீன் மேல முழு அகலத்துக்கு சிவப்புப் பட்டை, அதுல ஃபேக்டரி பேரு பெரிய எழுத்துல. லாக்ல, அதாவது யாரு எப்ப என்ன பண்ணாங்கங்கிற பதிவேட்டுல, ரெண்டு பேரும் பதிவாகணும், பண்ணது இந்த சப்போர்ட் ஆள், இன்னாருக்காக பண்ணாருன்னு. நிறைய சிஸ்டத்துல சப்போர்ட் ஆள் யூசர் மாதிரியே உள்ள போனா லாக்ல அந்த யூசர் பேரு மட்டும்தான் விழும், அதை விட மோசமான ஒண்ணு கிடையாது, செய்யாத வேலைக்கு அந்த கிளார்க் பதில் சொல்லணும்.

ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது உடைஞ்சு, டெனன்ட் அட்மின் போன் எடுக்கலைன்னா? அதுக்கு ஒரு அவசர வழி வச்சிருக்கோம், எங்கள்ல ரெண்டு பேர் சேர்ந்து ஓகே பண்ணாத்தான் தொறக்கும், தொறந்த நொடியே அந்த ஃபேக்டரிக்கு மெசேஜ் போயிடும். வருஷத்துல ரெண்டு தடவைக்கு மேல அதை யூஸ் பண்ணா எங்க சாஃப்ட்வேர்ல ஓட்டை இருக்குன்னு அர்த்தம் எடுத்துக்குவோம்.

ஃபேக்டரி பக்கம், டெனன்ட் அட்மின்

இங்கதான் அதிக குழப்பம். டெனன்ட் அட்மின்னா அந்த ஃபேக்டரிக்கே பெரிய ஆள்னு நினைச்சுக்கிறாங்க, அதனால முதலாளி "எனக்கு கொடுங்க"ம்பாரு, வாங்கி வச்சுக்கிட்டு கோயமுத்தூர்ல உட்கார்ந்துக்குவாரு, இங்க எடை போடுற பையன் பாஸ்வேர்ட் மறந்துட்டான்னா அவருக்கு போன் போகும், அவரு கடுப்பாகி பாஸ்வேர்டையே வாட்ஸ்அப்ல ஆபீஸ் குரூப்ல போட்டு விட்டுடுவாரு. முடிஞ்சது கதை. இது மரியாதைக்கு கொடுக்கிற பதவி இல்லை, சாவிக்கொத்து வச்சிருக்கிற வேலை. யூசரை சேர்க்கிறது, எடுக்கிறது, ரோல் மாட்டுறது, பாஸ்வேர்ட் ரீசெட், ஃபேக்டரி அளவுல இருக்கிற செட்டிங், சப்போர்ட் ஆள் உள்ள வர ஓகே சொல்றது, இவ்ளோதான். தினமும் ஆபீஸ்ல இருக்கிற, நிதானமான, "இல்லை, அவருக்கு அது தேவையில்லை"ன்னு சொல்ற தைரியம் உள்ள ஒருத்தர்கிட்ட கொடுங்க. எங்க டெனன்ட்லயே ரொம்ப ஒழுங்கா நடக்கிற ஒரு ஃபேக்டரியில அட்மின் யாருன்னா இருபது வருஷமா கணக்கு எழுதுற ஒரு அக்கா, முதலாளியே ரிப்போர்ட் மட்டும் பார்க்கிற ரோல்தான் வச்சிருக்காரு, அவரே கேட்டு வாங்கிக்கிட்டது.

முதலாளிக்குன்னு தனியா ஓனர்னு ஒரு ரோல் இருக்கட்டும். எங்க கூட அக்ரிமெண்ட் போட்டவர், பில்லுக்கு பொறுப்பு, டேட்டாவை மொத்தமா எடுத்துட்டு போறதுக்கும் அழிக்கிறதுக்கும் சொல்ல உரிமை உள்ளவர். இவரை அட்மினால நீக்க முடியக்கூடாது.

அட்மின் எப்பவும் ரெண்டு பேர். ஒருத்தர் மட்டும் இருந்தா என்ன ஆகும்னு சொல்றேன். ஒரு ஃபேக்டரியில ஒரே ஒரு அட்மின், ஆபீஸ் கிளார்க் தம்பி, சம்பளம் பத்தலைன்னு திருப்பூருக்கு வேலைக்கு போயிட்டாப்ல, போகும்போது சண்டை வேற. ஓடிபி போறது அவர் சிம்முக்கு. பணம் ரிலீஸ் பண்ற நாள், அதுக்கு மேல ஓகே கொடுக்கிற யூசரோட லாகின் பூட்டிக் கிடக்கு, ரீசெட் பண்ண ஆளில்லை. மேனேஜர் எங்களுக்கு போன் பண்ணி "நான்தான் பேசுறேன், என் குரல் தெரியாதா, ரீசெட் பண்ணுங்க"ன்னாரு. தெரியும், நல்லாத் தெரியும், ஆனா குரலை வச்சு ரீசெட் பண்ண ஆரம்பிச்சா நாளைக்கு எவன் குரல்ல எவன் பேசுவான்? கடைசியில ஓனர் கையெழுத்தோட லெட்டர், ஏற்கனவே எங்ககிட்ட பதிஞ்சிருந்த அவர் நம்பருக்கு நாங்க திருப்பிக் கூப்பிட்டு உறுதி பண்றதுன்னு ஒன்றரை நாள் ஓடிருச்சு, அந்த ஒன்றரை நாளும் எனக்கு விழுந்த திட்டு கொஞ்ச நஞ்சமில்லை. இந்த மீட்கிற முறையை டெனன்ட் சேர்ற அன்னிக்கே எழுதி கையெழுத்து வாங்கி வச்சிருந்தா அரை மணி நேர வேலை. பெரிய கம்பெனிங்களும் இதைத்தான் சொல்றாங்க, கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல சூப்பர் அட்மின் ஒருத்தருக்கு மேல வச்சுக்கோங்க, அந்த அக்கவுண்ட்டை தினசரி வேலைக்கு எடுக்காதீங்கன்னு அறிவுரை இருக்கு, மைக்ரோசாஃப்ட்ல குளோபல் அட்மின் அஞ்சு பேருக்கு கீழ இருக்கட்டும், ஆபத்துக்குன்னு தனியா ரெண்டு அக்கவுண்ட் எடுத்து வச்சுக்கோங்கங்கிறாங்க. ஒண்ணும் பத்தாது, பத்தும் கூடாது.

சாஃப்ட்வேர் எழுதுறவங்க இதோட மூணு பூட்டு போட்டு வைங்க. கடைசி அட்மினை நீக்கப் பார்த்தா சிஸ்டம் முடியாதுன்னு சொல்லணும். அட்மின் தன்கிட்ட இல்லாத பர்மிஷனை அடுத்தவருக்கு கொடுக்க முடியக்கூடாது. தனக்குத்தானே ரோலை ஏத்திக்கவும் முடியக்கூடாது, இன்னொரு அட்மின்தான் பண்ணணும். மூணாவதை நிறைய பேர் விட்டுடுறாங்க.

உள்ள வேலை பார்க்கிறவங்க

இங்க ஒரே விதிதான், போடுறவர் ஒருத்தர், ஓகே பண்றவர் இன்னொருத்தர். எல்லாத்துக்கும் இல்லை, எல்லாத்துக்கும் வச்சா ஆபீஸ் நகராது. ரேட், பேங்க் அக்கவுண்ட் மாத்தம், பணம் ரிலீஸ், இந்த மூணுக்கு மட்டும். அக்கவுண்ட் நம்பர் மாத்தினா விவசாயியோட பழைய போன் நம்பருக்கு மெசேஜ் போகணும், புது நம்பருக்கு இல்லை. நம்பரும் அக்கவுண்ட்டும் ஒரே நாள்ல மாறினா எங்க சிஸ்டம் பணத்தை நிறுத்தி வச்சுக் கேட்கும்.

எடை போடுற ரோலுக்கு அழிக்கிற வசதி கொடுக்கவே கொடுக்காதீங்க. 48 கிலோவுக்கு பதிலா 84ன்னு அடிச்சுட்டாரா, பழையது அப்படியே இருக்கட்டும், கீழ மைனஸ் 36ன்னு ஒரு திருத்த வரி, யாரு, எப்ப, ஏன்னு. நோட்டுல கோடு போட்டு அடிச்சு பக்கத்துல எழுதி கையெழுத்து போடுவாங்களே, அதேதான். அந்தக் கோட்டுக்கு அடியில பழைய நம்பர் படிக்கிற மாதிரி தெரியுதுல்ல, அதுதான் ஏஜென்ட்டுக்கும் விவசாயிக்கும் நடுவுல பஞ்சாயத்து வந்தா காப்பாத்தும். மழைக் கழிவும் அப்படித்தான், எடையைக் குறைச்சு அடிக்காம தனி வரியா வரணும்.

"அட்மின்"னு ஒரே லாகின்ல ஷெட்ல நாலு பேர் வேலை பார்க்கிறது எங்க ஊர் தேசிய வழக்கம். காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை, ஒரே டேப்லட், கையெல்லாம் இலைப் பிசின், ஒவ்வொரு தடவையும் பெரிய பாஸ்வேர்ட் அடிக்க முடியாது, அதுவும் நியாயம்தான். அதுக்கு வழி, டேப்லட் ஒரு தடவை லாகின் ஆகி இருக்கட்டும், ஆள் மாறும்போது அவங்கவங்க நாலு இலக்க பின். பின்னை வச்சு எடை மட்டும்தான் போட முடியும்.

ஒரே ஆள் ரெண்டு வீட்டுல

இது எங்க தொழில்ல சர்வ சாதாரணம், ஒரு ஏஜென்ட் ரெண்டு ஃபேக்டரிக்கு இலை கொடுப்பாரு, ஒரு விவசாயி இந்த மாசம் இங்க அடுத்த மாசம் அங்க. மொத தடவை டிசைன் பண்ணும்போது யூசர் டேபிள்லயே ரோலை வச்சுட்டோம், அந்த ஏஜென்ட் ஒரு ஃபேக்டரியில எடையை திருத்துற அளவுக்கு ரோல் வாங்கினாரு, அது இன்னொரு ஃபேக்டரியிலயும் தானா வந்துருச்சு. நல்ல மனுஷன், அவரே போன் பண்ணி "ஏனுங்க, இங்க எனக்கு புதுசா ஒரு பட்டன் தெரியுதுங்க"ன்னு சொன்னாரு. ஆள் ஒண்ணுதான், ஆனா ரோல் ஆளுக்கு இல்லை, ஆளும் டெனன்ட்டும் சேர்ந்த அந்த உறவுக்கு. தனி டேபிள் போட்டு அதுல வைங்க, ஒருத்தரை ஒரு ஃபேக்டரி நீக்கினா இன்னொண்ணுல அவர் பாட்டுக்கு வேலை பார்க்கணும். லாகின் ஆனதும் எந்த ஃபேக்டரின்னு கேட்டுட்டு, வேலை முடியுற வரைக்கும் அதுலயே நிக்க வைக்கணும், ரெண்டையும் கலந்து ஒரே ஸ்கிரீன்ல காட்டாதீங்க.

கூரை வரைக்கும் போகாத சுவர்

இது எழுதுறவங்களுக்கு மட்டும், மத்தவங்க தாண்டிப் போகலாம். ரோல் எல்லாம் அழகா பிரிச்சாலும் கீழ டேட்டாபேஸ்ல ஒரு டேபிள்தான் இருக்கு, எல்லா ஃபேக்டரி எடையும் அதுலயே, ஒவ்வொரு வரிக்கும் ஒரு டெனன்ட் நம்பர். ஒரு குவெரியில அந்த நம்பரை போட மறந்தீங்கன்னா கருவாடு வாசனை அடுத்த வீட்டுக்கு போயிடும். வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப்போட 2021 ஆபத்துப் பட்டியல்ல முதல் இடமே உடைஞ்ச அக்சஸ் கன்ட்ரோலுக்குத்தான். சோதிக்கிறது ஈசி, ஒரு ஃபேக்டரியா லாகின் பண்ணி ஒரு ரசீதை தொறங்க, பிரவுசர் மேல முகவரியில இருக்கிற ரசீது நம்பரை மாத்தி இன்னொரு ஃபேக்டரியோட ரசீது நம்பரை போடுங்க, தொறந்துச்சுன்னா அன்னிக்கு ராத்திரி உங்களுக்கு தூக்கம் இல்லை. ரிப்போர்ட் டவுன்லோட், பிடிஎஃப் லிங்க், தேடுற பெட்டி, இதுலயும் பாருங்க, மெயின் ஸ்கிரீன்ல பூட்டிட்டு கொல்லைப்பக்கம் விட்டுடுறதுதான் வழக்கம்.

போஸ்ட்கிரெஸ் யூஸ் பண்றவங்களுக்கு ரோ லெவல் செக்யூரிட்டின்னு ஒண்ணு இருக்கு, 2016 ஜனவரியில வந்த 9.5 வெர்ஷன்ல இருந்து. டேட்டாபேஸே ஒவ்வொரு வரியையும் யாருக்கு காட்டலாம்னு பார்த்துக்கும். நானும் போட்டுட்டு நிம்மதியா இருந்தேன், அப்புறம்தான் தெரிஞ்சது, டேபிளோட ஓனருக்கு அந்த விதி சாதாரணமா செல்லாது, தனியா ஃபோர்ஸ் பண்ணி விட்டாத்தான் செல்லும், சூப்பர் யூசருக்கு எப்பவுமே செல்லாது. நம்ம ஆப் டேபிளை உருவாக்கின அதே யூசர்லதான் கனெக்ட் ஆகும் பெரும்பாலும், அப்ப சுவர் வரைஞ்ச படம்தான், சுவர் இல்லை. ஆப்புக்கு தனி யூசர் போடுங்க. கனெக்ஷன் பூல் இருந்தா டெனன்ட் நம்பரை அந்த ட்ரான்சாக்ஷனுக்கு மட்டும் செட் பண்ணுங்க, இல்லைன்னா முன்னாடி வந்தவரோட நம்பர் ஒட்டிக்கிட்டு அடுத்தவருக்கு போயிடும்.

பொதுக் குழாய் பிரச்சனையும் உண்டு. பணம் போடுற நாள் எல்லா ஃபேக்டரிக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பெரிய ஃபேக்டரி ஒண்ணு ஆயிரக்கணக்குல எஸ்எம்எஸ் தள்ளினா சின்னவங்க வரிசையில நிப்பாங்க. டெனன்ட்டுக்கு இவ்ளோன்னு லிமிட் வைங்க, அதை ஏத்துற அதிகாரம் பிளாட்பார்ம் அட்மின்கிட்ட மட்டும், யாரு ஏத்தினாங்கன்னு லாக்ல.

மூடுபனியும் ஓடிபியும்

அட்மின், பணம் ரிலீஸ், ரேட், இந்த ரோல் எல்லாத்துக்கும் ரெண்டாவது பூட்டு கட்டாயம். எஸ்எம்எஸ் ஓடிபி எங்க ஊருக்கு ஒத்து வராது, ஐப்பசி கார்த்திகை மழையில டவர் போச்சுன்னா ஓடிபி வர்றதுக்குள்ள டைம் முடிஞ்சிடும், பள்ளத்துல இருக்கிற ஃபேக்டரியில வெயில் அடிச்சாலும் சிக்னல் ஒரு கோடுதான். ஆதென்டிகேட்டர் ஆப் போட்டு கொடுங்க, 30 செகண்டுக்கு ஒரு தடவை மாறுற ஆறு நம்பர், அது போனுக்குள்ளயே கணக்கு போட்டு வர்றது, சிக்னலே தேவையில்லை, போன்ல டைம் மட்டும் சரியா இருந்தா போதும். டைம் தள்ளிப் போயிருந்தா நம்பர் ஏத்துக்காது, "ஆப் வேலை செய்யலை"ன்னு போன் வந்தா நான் மொதல்ல கேட்கிறது "உங்க போன்ல மணி என்ன காட்டுது"ன்னுதான். சிம் போனாலும் திருப்பூர் போனாலும் பாதிப்பில்லாம இருக்க, மீட்கிற ரகசிய எண்களை (ரெக்கவரி கோட்) பிரிண்ட் எடுத்து கவர்ல ஒட்டி ஃபேக்டரி பீரோவுல வைங்க, போன்ல ஃபோட்டோவா வேணாம்.

லாக், சட்டம், கிளம்புறவங்க

லாக் யாரு பார்க்கலாம்? டெனன்ட் அட்மின் தன் ஃபேக்டரி லாக்கைப் பார்க்கலாம், அழிக்க முடியாது. எங்களாலயும் முடியக்கூடாது. மத்திய அரசோட கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி லாக்கை 180 நாள் வச்சிருக்கணும், ஏதாவது ஊடுருவல் மாதிரி நடந்தா கவனிச்ச 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்கு தகவல் சொல்லணும். அந்த ஆறு மணி நேரத்துல யாரு போன் பண்றது, யாரு எழுதுறதுன்னு முன்கூட்டியே பேரு போட்டு வைங்க, அதுவும் ஒரு ரோல்தான். அதே மாதிரி 2023 டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டத்துல விவசாயியோட பேரு, போன், அக்கவுண்ட் நம்பருக்கு முதல் பொறுப்பு ஃபேக்டரிக்கு, நாங்க அவங்க சார்பா கையாளுறவங்க. "எல்லாம் சாஃப்ட்வேர்காரன் பார்த்துக்குவான்"னு ஃபேக்டரி இருக்க முடியாது, "அவங்க டேட்டா, அவங்க பாடு"ன்னு நாங்களும் இருக்க முடியாது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம டேட்டா வெளிய போனா அபராதம் 250 கோடி வரைக்கும்னு சட்டத்துல இருக்கு. ஃபேக்டரியை வித்தாலும் தேறாது.

ஆள் வேலையை விட்டா அன்னிக்கே லாகினை நிறுத்துங்க, அழிக்காதீங்க. அழிச்சா அவர் போட்ட பழைய எடைக்கு பக்கத்துல பேரு இருக்க வேண்டிய இடம் காலியாயிடும். நிறுத்தும்போது அவர் போன்லயும் டேப்லட்லயும் தொறந்து கிடக்கிற லாகினும் வெளிய வரணும், பாஸ்வேர்ட் மட்டும் மாத்தினா சில சிஸ்டத்துல பழைய லாகின் அப்படியே ஓடிட்டு இருக்கும்.

ஒரு ஃபேக்டரியே எங்களை விட்டுக் கிளம்பினா? ஓனர் எழுதிக் கொடுக்கணும், மொத்த டேட்டாவும் எக்செல்ல தொறக்கிற மாதிரி கொடுக்கணும், குறிப்பிட்ட நாள் வரைக்கும் பார்க்க மட்டும் விட்டுட்டு அப்புறம் அழிக்கணும், பேக்கப்ல இருந்து எப்ப போகும்னு தேதியோட சொல்லணும். பேக்கப்னு சொன்னதும் ஒண்ணு: ஒரே ஒரு டெனன்ட்டை மட்டும் நேத்து நிலைமைக்கு திருப்பிக் கொண்டு வர முடியுமான்னு இப்பவே ஒரு தடவை செஞ்சு பாருங்க. ஒரு ஃபேக்டரி தப்பு பண்ணிடுச்சுன்னு மொத்த டேட்டாபேஸையும் நேத்துக்கு திருப்பினா மத்த இருபது பேரோட இன்னிக்கு எடை போச்சு.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் யூசர் லிஸ்ட் அனுப்புவோம், யாரு, என்ன ரோல், கடைசியா எப்ப வந்தாங்கன்னு. மெயில்ல அனுப்பினா யாரும் பார்க்க மாட்டாங்க, அதனால நான் பிரிண்ட் எடுத்து பைக்ல கொண்டு போய் கொடுத்துட்டு வருவேன், எப்படியும் மேனேஜர் ரூம்ல ஒரு டீ கிடைக்கும். போன தடவை ஒரு ஃபேக்டரியில கணக்கு பார்க்கிற அண்ணன் பேனாவை வச்சு ஒவ்வொரு பேரா படிச்சுக்கிட்டே வந்தாரு, பதினோராவது பேர்ல நின்னு, "இது யாருப்பா, டெஸ்ட் ஒண்ணு?"ன்னாரு. பார்த்தா மூணு வருஷம் முன்னாடி டெமோவுக்கு நான் போட்ட யூசர், ரோல் டெனன்ட் அட்மின், பாஸ்வேர்ட் எல்லாருக்கும் தெரிஞ்ச அதே நம்பர். அவர் ஒண்ணும் சொல்லலை, பேனாவை என்கிட்ட நீட்டினாரு, நானே அடிச்சுட்டு பக்கத்துல கையெழுத்து போட்டேன்.